மல்லிகை வைக்காத வீடு

மூக்கை வைத்துப் பிழைக்கிற மனிதன் கொச்சி மட்டாஞ்சேரியில் குடியிருக்கக் கூடாது. எங்கள் வீட்டுக்காரர் வாழ்நாள் முழுக்கக் குடியிருந்தார். அது என்னால்தான்.

எங்கள் சந்தின் ஒரு முனையில் சுக்குக் கிடங்கு, மறுமுனையில் மிளகுக் கிடங்கு. மூட்டை அவிழ்க்கிற நாளில் தெருவில் போகிற நாய்கூடத் தும்மும். மழைக்காலமானால் நனைந்த சாக்கு வாடை, வெயில் காலமானால் கால்வாய் வாடை. இதற்கு நடுவில், களமசேரி பீர் கம்பெனியில் மாஸ்டராக இருந்த மனிதர் ஜன்னலைச் சாத்தி, ஈரத் துண்டை மூக்கின்மேல் போட்டுக்கொண்டு படுத்திருப்பார்.

களமசேரியிலேயே கம்பெனி வீடு கொடுத்தார்கள். முற்றமும் மாமரமும் உள்ள வீடு என்று சொன்னார். நான் போய்ப் பார்க்கக்கூட இல்லை. அங்கே போனால் பீர் காய்ச்சுகிறவர் பெண்டாட்டி என்று ஊருக்கே தெரியும். இங்கே இருந்தால் நான் அரிசி மண்டிக்காரர் தங்கச்சி. எனக்கு அந்தப் பெயர் போதும் என்றிருந்தேன். அதனால் அவர் விடியற்காலையில் படகு ஜெட்டிக்குப் போய், எறணாகுளத்துக்குப் படகு ஏறி, அங்கிருந்து பஸ் பிடித்து வேலைக்குப் போனார். மழையில் நனைந்து திரும்பி வந்து தலையைத் துவட்டும்போது, "போட்ல அடிக்கிற காத்து மூக்கைக் கழுவி விட்டிருது. ஒருவகையில நல்லதுதான்" என்பார். நல்லதுதான் போலிருக்கிறது என்று நானும் எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

அவரும் எங்களைப்போலத் தென்காசிப் பக்கம்தான். படித்துவிட்டு வேலை தேடி இங்கே வந்து, கம்பெனியில் கொதிகலன் பார்க்கிற ஆளாகச் சேர்ந்தவர். மண்டி வைத்திருந்த என் அண்ணன் அவரைப் பார்த்துப் பிடித்துப்போய்ப் பெண் கொடுத்தார். "மாப்பிள்ளைக்குப் பார்லிக் கம்பெனியில உத்தியோகம்" என்று ஊருக்கு எழுதினார். பார்லி என்றால் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுக்கிற கஞ்சி என்றுதான் எங்கள் வீட்டில் எல்லாரும் நினைத்தோம். நோயாளிகளுக்கு நல்லது செய்கிற கம்பெனி என்று என் அம்மாவுக்குப் பெருமை.

கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் ஒரு சாயங்காலம் அவர் சட்டையைத் துவைக்க எடுத்தேன். புளித்த வாடையும் வறுத்த தானிய வாடையும் கலந்து அடித்தது. சட்டையைக் கையில் பிடித்தபடியே போய் நின்றேன்.

"குடிச்சிட்டு வந்திருக்கீங்களா?"

"குடிக்கல. காய்ச்சினேன்" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. இரண்டு நாள் பேசவும் இல்லை. அவர் அடுக்களை வாசலில் உட்கார்ந்து எனக்குப் புரிகிற மாதிரி சொல்லிப் பார்த்தார். பார்லியை நனைத்து முளைகட்டிக் காயவைத்து, உடைத்து வெந்நீரில் ஊறவைத்து, அந்த இனிப்புத் தண்ணீரை வடித்துக் கசப்புப் பூப் போட்டுக் கொதிக்கவிட்டு, ஆறிய பிறகு ஈஸ்ட் போட வேண்டும். "உன் தோசை மாவு மாதிரிதான். நீ ராத்திரி கரைச்சு வச்சா காலையில பொங்கிருது. எனக்கு ரெண்டு மூணு வாரம் ஆகும். உனக்கு ஒரு சட்டி, எனக்கு வீடு உயரத்துக்குத் தொட்டி. அம்புட்டுதான் வித்தியாசம்."

"தோசை தின்னுட்டு எவனும் ரோட்டுல உருள மாட்டான்" என்றேன். அன்று ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

அக்கம்பக்கத்தில் கேட்டால், தானியம் சம்பந்தமான கம்பெனி என்று சொல்லி வைத்தேன். பொய் இல்லை. மாதாமாதம் கம்பெனியில் அவருக்குக் கொடுக்கிற பாட்டில்கள் என் வீட்டுப் படியைத் தாண்டி உள்ளே வரக் கூடாது என்றேன். அவர் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டார். வருகிற வழியில் படகில் வேலை செய்கிறவர்களுக்குக் கொடுத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு வருவார். அவருக்காகப் படகைக் கொஞ்சம் நிறுத்தி வைப்பார்கள் என்று சொல்லுவார்கள்.

அவர் வைத்த சட்டமும் உண்டு. காலை பத்து மணிக்குக் கம்பெனியில் ருசி பார்ப்பார்கள். அந்த நேரத்துக்கு நாக்கும் மூக்கும் சுத்தமாக இருக்க வேண்டும். ஆகவே காலையில் அவருக்கு உப்புப் போட்ட கஞ்சி மட்டும். சாயா கிடையாது. வீட்டில் பூண்டு இல்லை, பெருங்காயம் இல்லை, ஊதுவத்தி இல்லை. வாசனை சோப்பு இல்லை. பெருங்காய டப்பாவைப் பக்கத்து வீட்டுச் சேச்சியிடம் கொடுத்து வைத்து, வீட்டுக்காரர் ஊரில் இல்லாத நாளில் கேட்டு வாங்கிச் சாம்பார் வைப்பேன். இதையெல்லாம்விட, தலையில் பூ வைக்கக் கூடாது. மல்லிகை வைத்துப் பக்கத்தில் படுத்தால் மறுநாள் பத்து மணிக்கும் மூக்கில் மல்லிகையே நிற்கிறது என்றார். கோயில் திருவிழா, கல்யாண வீடு என்றால்கூட வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவேன். எனக்கு அப்போது தலைமுடி இடுப்புக்குக் கீழே தொங்கும். வெறுந்தலையாகப் பின்னிப் போட்டுக்கொண்டு போகும்போது தமிழ்ப் பெண்கள் பார்ப்பார்கள். அதற்கும் நான் ஒரு காரணம் வைத்திருந்தேன். தலைவலி என்று சொல்லுவேன்.

கோபம் இருந்தது. ஆனால் அந்த மூக்கைப் பற்றி எனக்கு உள்ளுக்குள் கர்வமும் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். சந்தில் நுழையும்போதே எந்தக் கிடங்கில் பழைய சரக்கைப் புதிதோடு கலக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். என் அண்ணன் அரிசி மூட்டை இறக்கினால் முதலில் இவரைத்தான் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்லுவார். கொதிகலன் பார்க்கிற ஆளாக உள்ளே போனவர், படிப்படியாக மேலே வந்து, கடைசியில் அந்தக் கம்பெனியில் ஒரு தொட்டி பீர்கூட அவர் கையெழுத்து இல்லாமல் வெளியே போகாது என்ற இடத்துக்கு வந்தார். ஒரு முறை தொட்டி முழுக்கச் சாக்கடையில் விடச் சொன்னாராம். முதலாளி வந்து கத்தியிருக்கிறார். "கெட்டது என் கையெழுத்துல வெளிய போகாது. வேணும்னா வேற கையெழுத்து வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். மறுநாள் கார் அனுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்கள். கார் எங்கள் சந்துக்குள் நுழைய முடியாமல் முனையிலேயே நின்றது. அன்றைக்கு மட்டும், எல்லாரும் பார்க்கட்டும் என்று நான் வாசலில் போய் நின்றேன். எந்தக் கம்பெனிக் கார் என்று மட்டும் யாருக்கும் சொல்லவில்லை.

அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எவ்வளவு பெரிய மாஸ்டராக இருந்தாலும் தன் ஒரு மூக்கை மட்டும் நம்பக் கூடாது. கண்ணாடித் தம்ளரில் ஊற்றித் தான் மோந்து பார்த்ததும், பக்கத்தில் நிற்கிறவரிடம் நீட்ட வேண்டும். அவரும் மோந்து சரி என்றால்தான் சரி. அவரை இரண்டாம் மூக்கு என்பார்கள். யாரிடம் தம்ளரை நீட்டுகிறாரோ அவருக்கு அது பெரிய மரியாதை. கடைசிக் காலத்தில் இவருக்கு இரண்டாம் மூக்காக இருந்தவன் ஆலுவாப் பக்கத்து மலையாளிப் பையன். அவன்தான் இப்போது அங்கே மாஸ்டர். இவர் ஓய்வு பெற்ற பிறகும் போன் பண்ணிச் சந்தேகம் கேட்பான். "நெய் மணம் வருதுன்னா அவசரப்பட்டுக் குளிர வச்சிட்டே. ரெண்டு நாள் சும்மா விடு, ஈஸ்ட்டே அதைத் தின்னுரும்" என்று இவர் சொல்லுவதை அடுக்களையில் இருந்து எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். காதில் விழுந்துதான் எனக்கு இந்தத் தொழில் தெரியும். கண்ணால் பார்த்ததில்லை.

பிறகு கொரோனா வந்தது. பிள்ளைகள் ஆளுக்கொரு ஊருக்குப் போய்விட்டார்கள், வீட்டில் நாங்கள் இருவர்தான். இருவருக்கும் காய்ச்சல். நான் எழுந்துவிட்டேன், அவரும் எழுந்துவிட்டார். ஊரெல்லாம் திறந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பூக்காரி சைக்கிளை எங்கள் வாசலில் நிறுத்தினாள். என்ன நினைத்தேனோ, ஒரு முழம் வாங்கி வைத்துக்கொண்டேன். ஓய்வு பெற்றாயிற்று, இனி என்ன பத்து மணி என்று ஒரு எண்ணம். திட்டினால் எடுத்துவிடலாம் என்று அவர் முன்னால் போய்க் கஞ்சியை வைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். தலையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கஞ்சியைக் குடித்தார்.

அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. மறுநாளும் வைத்தேன். பெருங்காய டப்பாவைச் சேச்சியிடமிருந்து திருப்பி வாங்கினேன். பூண்டு ரசம் வைத்தேன். எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். வயதான காலத்திலாவது எனக்காக விட்டுக்கொடுத்தாரே என்று கோயிலில் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

ஒருநாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடியில் துணி எடுக்கப் போனேன். இறங்கி வரும்போதே பால் அடிப்பிடித்துக் கருகிய நாற்றம் மாடிப்படி வரைக்கும். அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார் அவர். நான் ஓடிவந்து அடுப்பை அணைத்ததும் நிமிர்ந்து, "என்ன?" என்றார்.

ஒன்றுமில்லை என்றேன். கருகின பாத்திரத்தைக் கொல்லையில் வைத்துத் தேய்த்தேன். அவர் விட்டுக்கொடுக்கவில்லை, அவருக்குத் தெரியவே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. அந்த மூக்கு போன நாளை நான் பூ வைத்துக் கொண்டாடியிருக்கிறேன். அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை. அந்தப் பையன் போன் பண்ணினால் இவர் முன்போலவே பதில் சொல்லுவார். கேட்டுப் பதில் சொல்ல மூக்கு வேண்டாமே. மூக்கு போன மாஸ்டர் என்று ஒருவர் வாயில் விழக் கூடாது என்பதில் நாங்கள் இருவரும் சொல்லிக்கொள்ளாமலே ஒன்றாக இருந்தோம். பூ வைப்பதை மட்டும் நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் எனக்குத் தெரிந்துபோனது அவருக்குத் தெரிந்துவிடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

போன வருடம் அந்தப் பையன் நேரிலேயே வந்தான். கம்பெனி கை மாறி, புது முதலாளிகள் இவரைக் கௌரவிக்க ஆசைப்படுகிறார்களாம். இவர் முதன்முதலில் காய்ச்சிய பீரை அதே முறையில் மறுபடி காய்ச்சி, லேபிளில் இவர் கையெழுத்தை அச்சடித்து விற்கப் போகிறார்கள். விழாவில் சால்வை போடுவார்கள். தொட்டியில் இருந்து எடுத்து வருவதை இவர் ருசி பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் பாட்டிலில் அடைப்பார்கள்.

"சும்மா சடங்குக்குத்தானே?" என்று இவர் கேட்டார்.

"இல்ல சாரே. சார் வேண்டாம்னு சொன்னா நிறுத்திருவாங்க. சபையில வச்சு சொன்ன பிறகு அவங்களால ஒண்ணும் செய்ய முடியாது" என்றான் அவன். பிறகு என்னைப் பார்த்து, "அம்மாவும் வரணும். இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூடக் கம்பெனிக்கு வந்ததில்ல" என்றான்.

இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடியாது என்று சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். "வாரேன்" என்றார்.

விஷயம் எப்படியோ பள்ளுருத்தியில் இருக்கிற என் மதினிக்குப் போய்விட்டது. அண்ணன் போன பிறகும் அவள் வாய்க்கு வயதாகவில்லை. தானும் வருவேன் என்று ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள். "பார்லிக் கம்பெனிக்கு நானும் ஒரு நாள் போய்ப் பாத்திருதேன்ளா. உங்க அண்ணன் சொன்ன கதையை நம்பித்தானே ஊரு முழுக்கச் சீர் வரிசை கொண்டு வந்துச்சு" என்றாள். வழி முழுக்கப் போனைக் கையில் வைத்துக்கொண்டு, தென்காசியில் இருக்கிற சொந்தக்காரர்கள் குரூப்புக்குப் படம் அனுப்பிக்கொண்டே வந்தாள். சொந்தத்தில் பாதிப் பேருக்கு இவர் என்ன வேலை பார்த்தார் என்று அதுவரை தெரியாது.

கம்பெனியை அன்றுதான் பார்த்தேன். அவர் சொன்னது பொய்யில்லை, தொட்டிகள் வீடு உயரம். உள்ளே நுழைந்ததும் ஒரு வாடை வந்து முகத்தில் மோதியது. ஒரு நிமிடம் எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை. நான் வாழ்நாள் முழுக்கத் துவைத்த சட்டைகளின் வாடை அது. பந்தலில் பழைய தொழிலாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். இவரைக் கண்டதும் எழுந்து நின்றார்கள். ஒரு கிழவர் வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "சேச்சீ, உங்க ஆளு என்னை ரெண்டு தடவை வேலையில இருந்து அனுப்பினாரு. ரெண்டு தடவையும் என் வீட்டுக்கு வந்து திரும்பக் கூட்டிட்டுப் போனாரு" என்றார். இந்தக் கதையெல்லாம் எனக்குத் தெரியாமலே நடந்திருக்கிறது.

சால்வை போட்டார்கள். பேசினார்கள். பிறகு அந்தப் பையன் ஒரு கண்ணாடித் தம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்து இவர் கையில் கொடுத்தான். பக்கத்தில் முதலாளி நின்றார். நான் இவருக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலியில். இவர் தம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். ஒரு மிடறு வாயில் வைத்து, நாக்கைப் புரட்டினார். எல்லாரும் அவர் தம்ளரைப் பையனிடம் நீட்டுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனும் கையை நீட்டிவிட்டான்.

இவர் என் பக்கம் திரும்பி, தம்ளரை என் முகத்தருகே கொண்டுவந்தார்.

"மோந்து பாத்துச் சொல்லு" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

பந்தலில் சிரிப்பும் கைதட்டலும். மாஸ்டர் பெண்டாட்டிக்கு மரியாதை செய்கிறார் என்று அவர்களுக்குக் கொண்டாட்டம். எனக்கு எதிரே மதினி எழுந்து நின்று போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அந்தப் போனுக்குள் தென்காசி முழுக்க உட்கார்ந்து என்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது. பீர்த் தம்ளரில் மூக்கை வைத்துக்கொண்டு நான். ஒரு நொடிதான். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன். சேலைத் தலைப்பால் மூக்கையும் மூடிக்கொண்டேன்.

அவர் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு தம்ளரை எடுத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து, "கொள்ளாம்" என்றார். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். எல்லாரும் கைதட்டினார்கள். அந்தப் பையன் மட்டும் கைதட்டுவதற்குக் கொஞ்சம் தாமதித்தான். அதை நான் பார்த்தேன்.

கம்பெனிக் காரில் திரும்பி வரும்போது மதினி என் தொடையில் தட்டி, "நல்ல வேளை, மானத்தைக் காப்பாத்திட்ட" என்றாள். அவர் முன்சீட்டில் இருந்தார். காதில் விழுந்திருக்கும்.

விழாவுக்கென்று கையால் அடைத்த சில பாட்டில்களைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அவர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை ஜெட்டிக்குப் போய்ப் படகுக்காரர்களிடம் கொடுத்துவிட்டார். அந்த ஒன்றையும் உள்ளே கொண்டுவரவில்லை. படிக்கு வெளியே, செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்து, வெளிச்சம் படாமல் மேலே ஒரு துண்டைப் போட்டார். ஏன் வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். நான் தினமும் அதைச் சுற்றிக் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தேன். ஒரு வாரம் போயிற்று.

அந்த வாரத்தில், மதினி எடுத்து அனுப்பிய வீடியோவைப் பக்கத்து வீட்டுச் சேச்சியின் மகள் தன் போனில் எனக்குக் காட்டினாள். அதில் என் முகம் நான் நினைத்த மாதிரி இல்லை. கௌரவமான ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்று நினைத்திருந்தேன். அழுகின மீனைக் கண்டவள் மாதிரி இருந்தேன். அவர் கை அந்தரத்தில் நிற்பது நான் உணர்ந்ததைவிட நெடுநேரம் தெரிந்தது. அவர் என்னை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பத்து மணி வாக்கில் நானே போய்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு படியைத் தாண்டி உள்ளே வந்தேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"தம்ளரைச் சோப்புப் போடாம வெந்நீர்ல கழுவு" என்றார். கழுவினேன்.

"பூவை எடுத்து வெளிய வச்சிட்டு வா."

கை தானாகப் பூவுக்குப் போயிற்று.

"பூ வச்சிருக்கேன்னு தெரியுமா?"

"கண்ணு இருக்குல்லா" என்றார். "காய்ச்சலுக்குப் பிறகு முதல் நாள் நீ கஞ்சி கொண்டாந்தியே. தலை நிறையப் பூ. எனக்கு ஒண்ணும் வரல. அன்னைக்குத்தான் மூக்கு போயிட்டுன்னு எனக்கே தெரியும். அதுவரைக்கும் சளின்னு நெனச்சிட்டு இருந்தேன்."

"ஏன் சொல்லல?"

"சந்தோஷமா இருந்தியே."

பூவை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தேன். அவர் பாட்டிலைத் திறந்து கொஞ்சமாக ஊற்றி என்னிடம் கொடுத்தார். மூக்கைக் கொண்டுபோனேன். கல்யாணமான நாளில் இருந்து இந்த வாடையோடு இருந்திருக்கிறேன், வேண்டும் என்று ஒருநாளும் மோந்து பார்த்ததில்லை.

"முதல்ல என்ன வருது?"

"பொரிகடலை டப்பாவைத் திறந்த மாதிரி."

"அது சரி. பொறவு?"

"பச்சையா ஒரு கசப்பு. வேப்பம்பூ காயப்போட்ட மாதிரி."

"அதுவும் சரி. பொறவு?"

மறுபடி மோந்தேன். அது முதலிலேயே வந்துவிட்டது. பொரிகடலைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சொன்னால் அவர் நம்புவார். நிம்மதியாகப் பேப்பர் படிப்பார். அவர் முகத்தைப் பார்த்தேன். பந்தலில் தம்ளரை நீட்டியபோது இருந்த அதே முகம்.

"நெய் வருது. உருக்கின நெய்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "நாக்குல வழவழன்னு இருந்துச்சு. மூக்கு இல்லாம உறுதியாச் சொல்ல முடியல. அதான் உங்கிட்ட காமிச்சேன்."

"அந்தப் பையன் பக்கத்துலதானே நின்னான். அவங்கிட்ட காமிக்க வேண்டியதுதானே?"

"அவன்கிட்ட கொடுத்தா அவன் உள்ளதைச் சொல்லணும். முதலாளி பக்கத்துல நிக்காரு. அவனுக்கு வேலை போனா என்ன செய்வான்? நீ சொன்னா யாரு உன்னை என்ன செய்ய முடியும்? பால் கெட்டுப்போறதை நீ மாடியில இருந்தே சொல்லிருவ. உன் மூக்கு எனக்குத் தெரியும்."

அவர் போனை எடுத்து அந்தப் பையனைக் கூப்பிட்டார். எனக்கும் கேட்கட்டும் என்றோ என்னவோ சத்தமாக வைத்தார்.

"எனக்கு மூக்கு போயி நாளாச்சுடே" என்றார், வேறு எதுவும் விசாரிக்காமல். "நெய் வாடை இருக்குன்னு அம்மா சொல்லுதா. பாட்டில் அடைச்சாச்சா?"

அந்தப் பக்கம் அவன் ஏதோ கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அடைச்சு, கடைக்கும் போயாச்சு சாரே" என்றான். "எனக்கும் அந்த மணம் கிடைச்சது. விழாவுக்கு நாள் குறிச்சிட்டாங்க, ரெண்டு நாள்கூட விட முடியல. சார் பிடிச்சிருவீங்கன்னு நம்பி நின்னேன். ரெண்டாவது மூக்கு எப்பவும் நான்தானே. எனக்குத் தராம அம்மாகிட்ட கொடுத்தப்பவே எனக்குத் தோணிச்சு. அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." அதற்கு மேல் அவன் சொல்லவில்லை. நல்ல பையன்.

இவர் அவனைத் திட்டவில்லை. அடுத்த தடவை எத்தனை நாள் விட வேண்டும், எந்தச் சூட்டில் விட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு வைத்தார். மீதி பீரைத் தானே எடுத்துப்போய்க் கொல்லைச் சாக்கடையில் ஊற்றினார். தண்ணீர் விட்டுக் கழுவியும் விட்டார்.

வேலை பார்த்த காலம் முழுக்கக் கெட்டது ஒன்றுகூட அவர் கையெழுத்தில் வெளியே போனதில்லை. எல்லாம் முடிந்து, சால்வையும் போட்ட பிறகு ஒன்று போயிற்று. அதைப் போகவிட்டது அவர் மூக்கு இல்லை. என் முகம்.

சில நாள் கழித்து மார்க்கெட்டில் இருந்து வரும்போது, ஜெட்டிக்குப் பக்கத்துச் சுவரோரம் காலிப் பாட்டில்கள் கிடந்தன. அதில் ஒன்றில் அந்தக் கையெழுத்து. எனக்கு மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அண்ணன் கடைச் சாக்கில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தே தமிழை மறக்காமல் வைத்திருக்கிறேன். ஆனால் அந்தக் கையெழுத்தைப் படிக்க எனக்கு எழுத்துத் தெரிய வேண்டாம். ரேஷன் கார்டிலும் பிள்ளைகளின் பள்ளிக்கூட அட்டையிலும் பார்த்துப் பழகினதுதான். பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க, குனிந்து அதை எடுத்தேன்.

சாயாக்கடையில் நின்ற ஆட்டோக்காரன் ஒருவன், "அம்மச்சீ, அது ஒழிஞ்ச குப்பியா, காலி. நிறைஞ்சது வேணும்னா அந்தப் பக்கம் கடையில கியூ நிக்கணும்" என்றான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"இதுல இருக்கிறது எங்க வீட்டுக்காரர் கையெழுத்து" என்றேன். "பீர் காய்ச்சுறவரு. களமசேரிக் கம்பெனியில மாஸ்டரா இருந்தாரு."

அவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஒருவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னான். நான் உட்காரவில்லை. எத்தனையோ நல்ல பாட்டில்கள் அந்தக் கையால் போயிருக்கின்றன. ஒன்றுக்கும் நான் வாய் திறக்கவில்லை. கெட்டதைக் கையில் பிடித்துக்கொண்டு பெருமை பேசுகிறேன் என்று தோன்றியது.

வீட்டுக்குக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"லேபிளைக் கோணலா ஒட்டியிருக்கான்" என்றார்.

நான் பாட்டிலை வாங்கி வாயருகே மூக்கை வைத்தேன். காய்ந்துபோன பிறகும் அந்த நெய் அதில் இருந்தது. அதையும் அவரிடம் சொன்னேன்.